வீட்டைச் சுற்றி ஆறு பருவம்

காட்டுயிர் என்றதும் முதுமலை யானையும் ஆனைமலைச் சிங்கவால் குரங்கும் களக்காட்டுப் புலியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் மனிதர் வளர்க்காமலும் பழக்காமலும் தன்போக்கில் பிறந்து வாழும் எந்த உயிரும் காட்டுயிரே. அந்தக் கணக்கில் ஓட்டுக்கூரையில் ஓடும் அணிலும், மின்கம்பியில் அமரும் கரிச்சானும், கறிவேப்பிலைச் செடியில் இலை தின்னும் புழுவும், மழை பெய்த இரவில் வாசற்படிக்கு வந்து அமரும் தேரையும் காட்டுயிர்களாகவே எண்ணப்பட வேண்டியவை. இவற்றைக் காணச் சரணாலயத்தின் நுழைவுச்சீட்டோ வாகனப் பயணமோ தேவையில்லை. ஓரிடத்தில் இருந்து, ஆண்டு முழுவதும், மாறிவரும் பருவத்தோடு சேர்த்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். விடுமுறையில் ஒரு நாள் சென்று திரும்பும் அடர்காட்டைவிட, தெருமுனையில் நின்று நூறு நாள் பார்க்கப்படும் ஒரு வேப்பமரம் உயிர்களைப் பற்றி அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது இத்துறையில் ஆழ்ந்தவர்களின் அனுபவம்.

பருவத்தை ஆறாகப் பகுத்துப் பெரும்பொழுது எனப் பெயரிட்டது தமிழ் மரபு. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளிப் பாடநூல்களின் வழியே அறிமுகமாகும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்ற நான்கு பருவப் பகுப்பு குளிர்நாடுகளுக்கு உரியது; அங்கே வெப்பமும் பகலின் நீளமும் உயிர்களுக்குக் கடிகாரமாக இருக்கின்றன, தமிழ்நாட்டிலோ அந்த இடத்தைப் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலேயே கிடைக்கிறது. இந்த ஒரு காரணத்தால் இந்தியாவின் பிற பகுதிகளுக்கென எழுதப்பட்ட இயற்கை நாள்குறிப்பு தமிழகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் நீர்ப்பறவைகள் ஆகஸ்ட் மாதத்தில் கூடுகட்டிக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும்போது, வறண்டு கிடக்கும் செங்கல்பட்டு ஏரிகள் ஐப்பசி மழையை எதிர்பார்த்திருக்கின்றன. ஆகவே இந்நிலத்தின் உயிர்களைப் பார்க்க விரும்புவோர் காரில் தொடங்குவதே பொருத்தம்.

கார்காலத்தின் மாலை இடிமழை ஒன்றிரண்டு பெய்து மண் நனைந்ததும் முதலில் வெளிப்படுபவை சிறிய உயிர்கள். செந்நிறப் பட்டுத்துணியை நறுக்கிப் போட்டதுபோல் புல்லிடையே ஊர்ந்து செல்லும் தம்பலப்பூச்சி, பூச்சி என்று பெயர் பெற்றிருப்பினும் பூச்சியினம் அன்று. எட்டுக் கால்களை உடைய அது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இவ்வுயிர், நல்ல மழைக்குப் பின் சில நாள்கள் மட்டுமே இரைதேடியும் துணைதேடியும் மேலே வருகிறது. அதே மழை புற்றுகளிலிருந்து ஈசலையும் எழுப்புகிறது. ஈசல் என்பது கறையானின் சிறகு முளைத்த பருவம். ஒரு புற்றிலிருந்து புறப்படும் ஆண், பெண் ஈசல்கள் வேறு புற்றுகளின் ஈசல்களோடு கலந்து இணைசேரவும் புதிய குடியிருப்பைத் தொடங்கவும் பறக்கின்றன. சிறிது நேரப் பறத்தலுக்குப் பின் நான்கு சிறகுகளையும் தாமே உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணுமாக ஒன்றன்பின் ஒன்று ஊர்ந்து மண்ணுக்குள் நுழைகின்றன. ஈசலின் வாழ்வு ஒரே நாள் என்று வழங்கும் பேச்சு பெரும்பாலான ஈசல்களுக்கு உண்மை, ஏனெனில் காகம், மைனா, கரிச்சான், பல்லி, தேரை, எறும்பு என அனைத்தும் அன்று விருந்துக்குக் கூடிவிடுகின்றன, கிராமங்களில் மனிதரும் அதைப் பிடித்து அரிசியோடு வறுத்து உண்கின்றனர். ஆனால் தப்பிப் பிழைத்து இணைசேர்ந்த ஓர் இணையே அரசனும் அரசியுமாகிப் பல ஆண்டுகள் வாழ்ந்து ஒரு முழுப் புற்றையே உண்டாக்குகிறது. ஈசல் எழும் மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, வாசலில் நின்று எந்தப் பறவை பறந்தபடி பிடிக்கிறது, எது தரையில் பொறுக்குகிறது என்று பார்ப்பவர், உணவு தேடும் முறைகள் குறித்து ஒரு நூலின் ஓர் அத்தியாயத்தையே நேரில் படித்தவராகிறார்.

விருந்தாளிகளின் வருகையும் காரிலேயே தொடங்குகிறது. வாலை ஓயாமல் மேலும் கீழும் அசைக்கும் சாம்பல் வாலாட்டி, மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், புதருக்குள் மறைந்தபடி நாக்கால் சொடுக்குவதுபோல் ஒலியெழுப்பும் கதிர்க்குருவி ஆகியவை வடக்கே தம் இனப்பெருக்கத்தை முடித்துவிட்டு ஆவணி, புரட்டாசி மாதங்களில் தெற்கே வந்து சேர்கின்றன. இவ்வாறு ஆண்டுதோறும் குறித்த காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பும் பறவைகள் வலசைப் பறவைகள் எனப்படுகின்றன. அவற்றுள் தமிழர் மிக அழகாகப் பெயரிட்டிருப்பது ஆறுமணிக்குருவிக்கே. பச்சை முதுகும் நீலத் தோளும் கண்ணைக் கடந்து ஓடும் கரிய பட்டையும் வாலடியில் குங்குமச் சிவப்பும் கொண்ட இக்குட்டைவால் பறவை, இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுப்பதால் இப்பெயர் வந்தது. இரவில் பறந்துவரும் இது, களைப்பாலும் நகர விளக்குகளால் திசை கலங்கியும் வீடுகளுக்குள்ளும் மாடிப்படிகளிலும் வந்து விழுவதுண்டு. அப்போது ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துடன் சில மணி நேரம் அமைதியாக வைத்திருந்து, மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் உதவி. இப்பறவை சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடுவது. உதிர்ந்த இலையைக் குப்பை என்று நாள்தோறும் கூட்டி எரிக்கும் தோட்டத்தில் அதற்கு வேலையில்லை. ஒரு மூலையில் மட்டுமாவது சருகு மக்கிக் கிடக்க விட்டுவைத்த வீடுகளில்தான் அது பங்குனி வரை தங்குகிறது.

கூதிர்காலம் தமிழ்நாட்டு உயிர்களுக்கு உண்மையான ஆண்டுத் தொடக்கம் என்றே கூறலாம். குளம் நிறைந்த முதல் இரவில் எழும் தவளைக் குரல் ஒரே இரைச்சலாகத் தோன்றினாலும், சற்றுக் கூர்ந்து கேட்டால் ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு சுருதியும் இடைவெளியும் வைத்திருப்பது புலனாகும். குரல் கொடுப்பவை ஆண்களே, தன் இனத்து ஆணைக் குரலைக் கொண்டே பெண் அடையாளம் காண்கிறது. ஆண்டு முழுதும் சேற்றுநிறத்தில் இருக்கும் பெருந்தவளையின் ஆண், பெருமழைக்குப் பின்னான இணைசேரும் நாள்களில் எலுமிச்சைப்பழ மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலநிறக் குரல்பைகளை ஊதிக்கொண்டு தண்ணீரில் மிதப்பது நம்நாட்டில் காணக்கூடிய வண்ண விந்தைகளுள் ஒன்று. பின்னர் தேங்கிய நீரில் தலைப்பிரட்டைகள் தோன்றும். அதே நீரின்மேல் தட்டான்கள் முட்டையிடுகின்றன. அவற்றுள் மழைக்காலத்தில் வயல்வெளிகளின்மேல் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் மஞ்சள்நிறத் தட்டான் உலகெங்கும் பரவிய ஓர் இனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியாவிலிருந்து மாலத்தீவுகளின் வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவை நோக்கி இவை செல்கின்றன என்பதற்கான சான்றுகளைத் தொகுத்து, மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் வெளியிட்டார். சிறுவர்கள் வாலில் நூல் கட்டி விளையாடும் ஒரு பூச்சிக்குக் கடல் கடக்கும் வலிமை இருப்பதை அறிந்தபின், அதை அதே கண்ணால் பார்ப்பது கடினம்.

மழைக்குப் பின் தளிர்விடும் கறிவேப்பிலைச் செடி, கூதிரில் அருகிருந்து பார்க்கத்தக்க ஒரு சிற்றுலகம். கறிவேப்பிலை அழகி என்று தமிழில் பெயர்பெற்ற கரிய வண்ணத்துப்பூச்சி, தளிரிலையில் மிளகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக இடுகிறது. எலுமிச்சை, நாரத்தைச் செடிகளிலும் இதனை எதிர்பார்க்கலாம். வெளிவரும் புழு தொடக்கத்தில் பழுப்பும் வெண்மையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சத்தைத் தின்னப் பறவை வராது என்பதால் இத்தோற்றமே அதற்குக் காவல். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின், எச்சம் என்று ஏமாற்றும் அளவை உடல் மீறிவிடுகிறது. அப்போது புழு இலையோடு இலையாகப் பச்சைநிறம் கொள்கிறது. ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து சிவந்த கவை ஒன்றை நீட்டிப் புளித்த வாடையைப் பரப்பும். எறும்பையும் குளவியையும் விரட்டும் கருவி அது. பின்னர் வாலடியைத் தண்டில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு இழையைத் தாங்குகயிறாகக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. கூட்டின் நிறமும் சுற்றுப்புறத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமைகிறது. வெளிவரும் பெண் வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. சில ஆணைப் போலவும், சில சிவப்புடல் கொண்ட ரோஜா அழகிகளைப் போலவும் இருக்கின்றன. அந்த ரோஜா அழகிகளின் புழுக்கள் தின்பது ஆடுதீண்டாப்பாளை. ஆடும் தொடாத அளவுக்கு நச்சுடையது என்று பெயரே சொல்லும் அக்கொடியின் நஞ்சு வண்ணத்துப்பூச்சியின் உடலிலும் தங்குவதால், ஒருமுறை அதைத் தின்று துன்புற்ற பறவை மறுமுறை அந்நிறத்தை நாடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்த அச்சத்தின் நிழலில் வாழ்கிறது. உயிரியலார் ஒப்புப்போலி என்று விளக்கும் இக்கொள்கையை, பூச்சிமருந்து தெளிக்காத ஒரு கறிவேப்பிலைத் தொட்டியில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்துவிடலாம். சில கொத்து இலைகளை இழப்பதே அதற்கான செலவு.

ஏரிகள் நிறைந்து, மீனும் நத்தையும் தவளையும் பெருகியபின், முன்பனிக் காலம் நீர்ப்பறவைகளுக்குரியதாகிறது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா ஆகியவை ஏரிநடுவே நிற்கும் மரங்களில் அருகருகே கூடுகட்டுகின்றன. மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே இடைவெளி தெரியும் நத்தைகுத்தி நாரைக்குப் பெயரே உணவைச் சொல்லிவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை யாரும் சுடலாகாது என்ற உரிமையை, ஊர்மக்கள் 1798 அளவிலேயே அன்றைய மாவட்ட ஆட்சியர் லயோனல் பிளேஸிடமிருந்து எழுத்தாகப் பெற்றனர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உள்ள அந்த ஏரி, நாட்டின் மிகப் பழைய பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக நிலைத்து, 2022-இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் கேட்டது பறவைகளின்பால் கொண்ட அன்பால் மட்டுமன்று, பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம் என்று உழவர்கள் கண்டறிந்திருந்ததாலும் ஆகும். இயற்கையைக் காப்பதற்கு இத்தகைய நடைமுறை அறிவே உறுதியான அடித்தளம். சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் கலைந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டனர். திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே குஞ்சு பொரிக்கின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அவ்வூர்க் குளத்துக்கு விருந்தாளி.

வேடந்தாங்கல் செல்ல இயலாதவருக்கும் மார்கழி கைவிரிப்பதில்லை. கோலமிட எழும் நேரத்தில், வேலியிலும் புல்லிலும் சிலந்திவலைகள் பனித்துளி கோத்து நிற்கும். மற்ற நாள்களில் கண்ணுக்குப் புலப்படாத வலைகள் எத்தனை இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க ஆண்டிலேயே இதுவே ஏற்ற வேளை. வட்டவலை, கிடைமட்டமாக விரித்த படுதாவலை, ஓர் ஓரத்தில் புனல்போல் சுருங்கும் வலை என ஒவ்வொன்றும் அதைக் கட்டிய சிலந்தியின் குடும்பத்தைச் சொல்லும். வெயில் ஏறத் தொடங்கியதும், செம்போத்து வேலிமேல் ஏறி, செங்காவிச் சிறகுகளை விரித்து முதுகைக் காயவைக்கும். பொங்கலையொட்டிய விடுமுறை நாள்களில் தமிழ்நாடெங்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்னும் பொதுத் தரவகத்தில் பதிவதே அதில் பங்கேற்கும் முறை. காகமும் மைனாவும் மட்டுமே தெரிந்தவரும் இதில் சேரலாம், ஏனெனில் எல்லாராலும் எளிதாகக் காணப்படும் பறவைகளின் கணக்கே எவராலும் எழுதப்படாமல் போவது. ஓர் இனம் குறைகிறது என்று கூற வேண்டுமானால், அது நிறைய இருந்த நாளில் யாரேனும் எண்ணியிருக்க வேண்டும்.

பின்பனியில் பெரும் நிகழ்ச்சி பூவே. இலையை முற்றிலும் உதிர்த்துவிட்டு இலவமும் கல்யாண முருங்கையும் சிவப்பாகப் பூக்க, தேன்சிட்டோடு மைனா, காகம், கரிச்சான், அணில் என அனைத்தும் தேனருந்த வந்து, நெற்றியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. மழைக்காலம் முழுதும் வாய்திறவாமல் இருந்த குண்டுக்கரிச்சான் ஆண், இப்போது விடியலுக்கு முன்பே தொலைக்காட்சிக் கம்பத்தின் உச்சியில் அமர்ந்து நெடுநேரம் பாடத் தொடங்குகிறது. மாலைவானில் புகைமண்டலம்போல் சுருண்டு விரியும் சூறைக்குருவிக் கூட்டங்கள் நடு ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்ப ஆயத்தமாகின்றன.

இளவேனில் வந்ததும் குயில் வந்துவிட்டது என்று கூறுவது வழக்கம். உண்மையில் குயில் எங்கும் போகவில்லை. மழையிலும் பனியிலும் அது அதே தெருவின் ஆலிலும் அரசிலும் மறைந்து பழம் தின்றுகொண்டு, பெரும்பாலும் குரலின்றி இருக்கிறது. சித்திரையை ஒட்டிக் குரல் எழுந்ததும், புதிதாக வந்ததாக மனிதர் எண்ணிக்கொள்கின்றனர். படிப்படியாகச் சுருதியேறும் அந்தக் கூவலுக்கு உரியது ஆண். உடல் முழுதும் கருமை, கண் செம்மை. பெண் பழுப்புநிறத்தில் வெண்புள்ளியும் வரியும் கொண்டு, வேறோர் இனம்போலத் தோன்றும். அதன் குரல் கீச்சென்று விரைந்து அடுக்கும் ஓசை. பாடும் பெண்ணைக் குயில் என்று புகழும் வழக்கு உயிரியலின்படி ஆணுக்கே பொருந்தும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். காகம் கூடுகட்டும் கோடை மாதங்களோடு இக்கூவல் ஒத்துவருவது தற்செயலன்று. குயில் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிட்டு, அடைகாப்பதையும் ஊட்டுவதையும் காகத்துக்கே விட்டுவிடும். இது கூட்டு ஒட்டுண்ணி வாழ்வு எனப்படுகிறது. குயிலின் முட்டை காகத்தின் முட்டையை நிறத்தில் ஒத்து, அளவில் சற்றுச் சிறியது. காகக் குஞ்சுகளுக்குச் சில நாள் முன்பே பொரிந்துவிடுவதால் ஊட்டலில் முந்திக்கொள்கிறது. பிற நாட்டுக் குயிலினங்கள் சில, உடன்கிடக்கும் முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதுபோல் நம்மூர்க் குயில்குஞ்சு பொதுவாகச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு.

இக்காலத்தில் காகம் தலையில் தட்டிச் செல்வதைச் சனிதோஷம் என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கின்றனர். அவ்விடத்தில் சற்று விலகி நின்று மேலே பார்த்தால், குச்சியும் கம்பித்துண்டும் கலந்த கூடு ஒன்று கிளைப்பிரிவில் இருப்பதையோ, பறக்கப் பழகும் குஞ்சு ஒன்று மதிலில் அமர்ந்திருப்பதையோ பெரும்பாலும் காணலாம். பிள்ளையைக் காக்கும் பெற்றோரின் எச்சரிக்கை அது. இரண்டு மூன்று வாரம் வேறு வழியாக நடந்தால் தீர்ந்துவிடும். சாம்பல் கழுத்துடைய வீட்டுக்காகம், முழுதும் கரிய அண்டங்காக்கை என இரண்டு காகங்கள் ஊருக்குள் இருப்பதை வேறுபடுத்திப் பார்க்கவும் இவ்வேளை உதவும். இதே நாள்களில் வேலிக்கம்பத்தின்மேல் கரட்டோணான் ஆண், தலையும் தொண்டையும் சிவந்து, முன்னங்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்குகிறது. இது தன் எல்லையை மற்ற ஆண்களுக்கு அறிவிக்கும் செய்கை. இரத்தம் குடித்ததால் சிவந்தது என்று நம்பி அதைக் கல்லால் அடித்த தலைமுறைகள் பல. பூச்சிகளைத் தின்று தோட்டத்தைக் காக்கும் அந்த உயிருக்கு அந்நம்பிக்கை பெரும் அநீதி இழைத்துவிட்டது.

முதுவேனிலில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கியதும், குயிலும் மைனாவும் கொண்டைக்குருவியும் வௌவாலும் பழத்தை உண்டு கொட்டையை ஊரெங்கும் விதைக்கின்றன. ஓட்டு இடுக்கிலும் கோயில் மதிலிலும் முளைக்கும் வேம்பு இவற்றின் கைவேலை. ஆடிக்காற்று வீசும் இந்நாள்களில், கிணற்றின்மேல் சாய்ந்த பனையிலும் முள்மரத்திலும் தூக்கணாங்குருவிகளின் நெசவு நடக்கிறது. தலை மஞ்சளாக மாறிய ஆண், நெல் அல்லது கோரையின் இலையோரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, அதைப் பற்றிக்கொண்டு பறக்க, நீண்ட நார் ஒன்று கிழிந்து உடன் வருகிறது. அந்நாரைக் கிளையில் சுற்றி, முடிச்சிட்டு, முதலில் ஒரு வளையமும் பிறகு கவிழ்த்த தலைக்கவசம் போன்ற அரைக்கூடும் செய்கிறது. அந்நிலையில் வேலையை நிறுத்திவிட்டு, சிறகடித்துப் பெண்ணை அழைக்கிறது. பெண் உள்ளே புகுந்து நாரை இழுத்துப் பார்த்து, உறுதியை ஒப்புக்கொண்டால்தான் முட்டை அறையும் நீண்ட நுழைவுக்குழலும் கட்டப்படும். ஒப்புக்கொள்ளாத அரைக்கூடுகள் காற்றில் ஆடி அழிகின்றன. பெண் அடைகாக்க அமர்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது. இந்த வாழ்க்கைமுறையைத் தெளிவாக உலகுக்கு எடுத்துரைத்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930-இல் வேலையின்றி, மும்பைக்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கியிருந்தபோது, வீட்டுக்கு அருகில் இருந்த தூக்கணாங்குருவிக் கூட்டத்தையே நாள்தோறும் பார்த்து அதைக் கண்டறிந்தார். கூட்டுக்குள் பூசப்படும் களிமண் உருண்டையில் மின்மினியை ஒட்டிக் குருவி விளக்கேற்றுவதாக ஊர்ப்புறத்தில் கூறுவர். காற்றில் கூடு மிகுதியாக ஆடாதிருக்க உதவும் எடை என்பது ஆய்வாளர் தரும் விளக்கங்களுள் ஒன்று.

நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலிய வண்ணத்துப்பூச்சிகள் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிழக்கே உள்ள சமவெளிக்கும் குன்றுகளுக்கும் இடையே பெருங்கூட்டமாக இடம்பெயர்வதும் ஆண்டுதோறும் நிகழ்வதே. வழியில் கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளின் வாடிய தண்டுகளில் அவை மொய்த்துக் கிடக்கும். அச்செடிகளின் காரச்சத்தை உறிஞ்சியே ஆண்கள் பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்குகின்றன. களை என்று பிடுங்கி எறியப்படும் செடிகள் இவை.

இவ்வாறு அன்றாட உயிர்களை எழுத்தில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996-இல் மறையும்வரை, கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். யானைகளை ஆழ்ந்து ஆராய்ந்த அவருக்குக் காகமும் அணிலும் பல்லியும் சிறிய பொருளாகத் தோன்றவில்லை. அவரைப் போன்றோரிடம் கற்க வேண்டியது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் நேர்மை. தொடங்குபவருக்குத் தேவையான கருவி ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் மட்டுமே. இருகண்நோக்கி வாங்க முடிந்தவர், 8 மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய வகையைத் தேர்ந்தால் போதும், ஏனெனில் அதற்கு மேல் பெருக்கம் கூடக்கூடக் கையின் நடுக்கமும் பெருகித் தெரியும். கூட்டை நெருங்கிப் படமெடுப்பதும், மறைக்கும் கிளையை விலக்குவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடவே கூடா. கிளை விலகிய கூட்டை மறுநாளே காகம் கண்டுவிடும். கோடையில் ஆழமற்ற மண்தட்டில் நீர் வைத்து, கொசு பெருகாதபடி நாள்தோறும் மாற்றுவது வேண்டுமானால் செய்யத்தக்கது. வீட்டைச் சுற்றிய மண் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடும் பழக்கமே இவ்வுயிர்களுக்கு இன்று பெருந்தீங்கு. அதன்பின் தம்பலப்பூச்சிக்கு மண் இல்லை, தேரைக்கு ஈரம் இல்லை, ஆறுமணிக்குருவிக்குச் சருகு இல்லை.

தமிழ்வீடுகளின் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த நாளும் குறிக்கப்படுவது வழக்கம். அதே கட்டங்களில் முதல் ஈசல் எழுந்த மாலை, தகைவிலான் கம்பிக்கு வந்த காலை, குயில் முதலில் கூவிய விடியல், முதல் வேப்பம்பழம் விழுந்த நாள் ஆகியவற்றையும் குறித்து, ஆண்டு முடிந்ததும் காலண்டரைப் பழைய தாள் கடைக்குப் போடாமல் எடுத்துவைக்கலாம். வரும் புரட்டாசியில் ஒரு மாலை, ஆறு மணி அளவில், சற்று நேரம் வாசலில் நின்று கேளுங்கள். இரட்டைச் சீழ்க்கை கேட்டால், அந்த நாளிலிருந்தே குறிப்பைத் தொடங்கிவிடலாம்.